பெயர் கேட்டு ஒரு மனு

2007ஆம் ஆண்டின் நடுவில் சிங்கப்பூரில் பல வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது ஓடெக்ஸ் என்ற நிறுவனம். ஜப்பானிய அனிமே தொடர்களை இங்கே விநியோகித்துவந்த உள்ளூர் கம்பெனி. உங்கள் இணைய இணைப்பு வழியாக எங்கள் தொடர்கள் அனுமதியில்லாமல் தரவிறக்கப்பட்டிருக்கின்றன, வழக்கு வேண்டாமென்றால் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். கேட்ட தொகை பெரும்பாலும் 3,000 வெள்ளியிலிருந்து 5,000 வெள்ளி வரை. கடிதம் போன வீடு ஒன்றில் தரவிறக்கியது ஒன்பது வயதுப் பிள்ளை என்று அன்றைய செய்திகள் சொல்லின.

எனக்கு அப்போது பதினோரு வயது. வகுப்பில் பாதிப் பேர் நருட்டோ ரசிகர்கள். கடிதச் செய்தி பரவியதும் இடைவேளையில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. எங்களுக்குப் புரியாதது ஒன்றுதான்: இந்தக் கம்பெனிக்கு வீட்டு விலாசம் எப்படித் தெரிந்தது? யாரோ ஒரு பையன், "கம்ப்யூட்டர்லயே பேரு எழுதியிருக்கும்டா" என்றான். நாங்கள் நம்பினோம்.

பிறகு பொறியியல் படித்து, இப்போது சேவையகப் பதிவுகளை மேய்வதே வேலையாகிவிட்ட நிலையில், அந்தக் கேள்வியின் பாதிக்கு எனக்கு விடை தெரியும். கணினியில் பெயர் எழுதியிருக்காது. ஓடெக்ஸ் அமர்த்திய பேடிஎஸ்பி என்ற அமெரிக்கக் கண்காணிப்பு நிறுவனத்துக்குக் கிடைத்தது வெறும் எண்கள், அதாவது ஐபி முகவரிகள். இந்த எண் இந்த நேரத்தில் யாருடைய கணக்கில் இருந்தது என்பது சிங்நெட், ஸ்டார்ஹப், பசிபிக் இன்டர்நெட் போன்ற சேவை நிறுவனங்களின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். எண் ஒருவர் கையில், பெயர் இன்னொருவர் கையில். இரண்டையும் சேர்த்துவைக்க நீதிமன்றத்தால்தான் முடியும்.

விடையின் மற்றப் பாதி சட்டத்தில் இருக்கிறது. வழக்குக்கு முந்தைய ஆவண வெளிப்பாடு என்று தமிழில் சொல்லலாம். கேட்கவே கொட்டாவி வரும் பெயர். ஆனால் எனக்குத் தெரிந்து, சாதாரண மனிதர்களின் வாழ்க்கையில் இவ்வளவு ஆழமாக மூக்கை நுழைக்கும் நீதிமன்ற நடைமுறைகள் அதிகம் கிடையாது.

வழக்கு என்று ஒன்று தொடங்கிவிட்டால், இரு தரப்பும் தங்களிடமுள்ள தொடர்புடைய ஆவணங்களை ஒன்றுக்கொன்று காட்ட வேண்டும். அது பழைய விதி. இங்கே பேசுவது அதற்கும் முந்தைய கட்டம். இன்னும் வழக்கே போடவில்லை. யார்மேல் போடுவது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். அந்த நிலையிலேயே நீதிமன்றத்துக்குப் போய், 'அவர் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுத்தான் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியும்' என்று கேட்பது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் துணிச்சலான கோரிக்கைதான்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். ஓலையைக் காட்டு என்று துரத்திப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார் சுந்தரர். திருவெண்ணெய்நல்லூர் சபையில்தான் தெரியவருகிறது, கிழிபட்டது படி, மூல ஓலை கிழவரிடமே இருக்கிறது என்று. சபையும் வெறும் பேச்சை ஏற்பதில்லை. பாட்டன் கைப்பட எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பக்தர்கள் இதில் ஆட்கொள்ளலைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவது அந்த சபையின் நிதானம்தான். ஆவணம் எதிராளி கையில் இருக்கும்போது என்னென்ன நடக்கும் என்பது அத்தனையும் அந்தக் கதையில் உண்டு: இருக்கிறது என்று சொல்வது, காட்ட மறுப்பது, காட்டினால் கிழிப்பது.

சிங்கப்பூரின் சட்டம் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தது. ஆகவே இந்தக் கருவியின் பிறப்பைத் தேட அங்கேதான் போகணும்.

இதற்கு இரண்டு வேர்கள். முதலாவது, பெயர் கேட்பது. 19ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே இது உண்டு. 1876இல் ஓர் எதிர் டயப்பர் என்ற வழக்கில், போலி வணிகச் சின்னம் ஒட்டிய நூல்கண்டுகளைக் கப்பலேற்றியவர்களிடம், அந்தச் சரக்கைக் கொடுத்தது யார் என்று நூல் உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு நெடுங்காலம் இந்தக் கிளை தூங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது கோழித்தீவனம். நார்விச் ஃபார்மகல் என்ற நிறுவனத்திடம் ஃபுராசோலிடோன் என்ற மருந்துக்குக் காப்புரிமை இருந்தது. கோழித்தீவனத்தில் கலக்கும் மருந்து. யாரோ அதை அனுமதியில்லாமல் பிரிட்டனுக்குள் இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். யார் என்பது சுங்கத்துறைக்கு மட்டுமே தெரியும். ரகசியம், சொல்ல மாட்டோம் என்றது சுங்கத்துறை. 1973இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: தன் தவறே இல்லாமல்கூட ஒருவர் பிறர் செய்த தவறுக்கு வழியாக அமைந்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குத் தவறு செய்தவரின் பெயரைச் சொல்லி உதவும் கடமை அவருக்கு உண்டு. இன்று உலகம் முழுக்க நார்விச் ஃபார்மகல் ஆணை என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். சுங்கத்துறை இருந்த இடத்தில் இணையச் சேவை நிறுவனத்தை வைத்துப் பாருங்கள், ஓடெக்ஸ் கதை வந்துவிடும்.

இரண்டாவது வேர் வேறு மண்ணில் இருக்கிறது. இதைப் பற்றி எங்கேயும் அதிகம் பேசுவதில்லை, அதான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1968இல் பிரிட்டனில் வின் குழு என்ற ஒரு குழு, உடற்காய வழக்குகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. தொழிற்சாலையில் கை போனவர், மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பிறகு நிலைமை மோசமானவர், இவர்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. விபத்துப் பதிவேடு முதலாளியிடம், மருத்துவக் குறிப்பு ஆஸ்பத்திரியிடம். தாளைப் பார்க்காமல் வழக்குப் போட வழியில்லை, வழக்குப் போடாமல் தாளைப் பார்க்க வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1970இல் சட்டம் கொண்டுவந்து, காயம் அல்லது மரணம் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் மட்டும் வழக்குக்கு முன்பே ஆவணம் கேட்கலாம் என்றார்கள். 1973இல் டன்னிங் வழக்கில், மருத்துவமனைக்குப் போய் முன்பைவிட மோசமாகத் திரும்பிய ஒரு பெண்மணி தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டார். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியாமலே கேட்கிறாரே என்றது மருத்துவமனை. தெரியாததால்தானே கேட்கிறார் என்பது டென்னிங் பிரபு பக்கத்துப் பார்வை. குறிப்புகளைக் காட்டச் சொல்லி ஆணை வந்தது.

ஆக, வழக்குக்கு முன்பே அலமாரியைத் திறக்கும் இந்தச் சாவி, எழுதிவைத்த சட்டமாக முதலில் செய்யப்பட்டது அடிபட்ட தொழிலாளிக்காகவும் நோயாளிக்காகவும். மற்ற எல்லா வகை வழக்குகளுக்கும் பிரிட்டன் அதை விரித்தது 1999இல்தான்.

சிங்கப்பூர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பங்குகளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் கணக்காய்வு நிறுவனமான எர்ன்ஸ்ட் & யங்கிடம் மதிப்பீட்டு ஆவணங்களைக் கேட்டார்கள். நம் விதி காயத்தோடு நிற்பதில்லை என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவானது. நிதிமையமாக வளர்ந்துகொண்டிருந்த ஊருக்கு அது பொருந்தித்தான் இருந்தது. அதன்பின் வந்த பெயர்பெற்ற வழக்குகளைப் புரட்டினால் வங்கி, காப்புறுதி, பங்கு, தரகு என்றே போகிறது. காயம் பட்டவர்கள் அந்தப் பக்கங்களில் அபூர்வம்.

இப்போது ஓடெக்ஸுக்கு வரலாம்.

தேக்காவில் வாடகைக்குக் கேசட் எடுத்துத் தமிழ்ப்படம் பார்த்த தலைமுறை என் பெற்றோருடையது. கள்ளப் பிரதி என்றால் அவர்களுக்கு ஒரு கடை, ஒரு கடைக்காரர், ஒரு சோதனை. கடையைச் சோதனை போட்டால் முடிந்தது. அகலப்பட்டை வந்தபின் கடை காணாமல் போனது. பிட்டோரண்ட்டில் ஒவ்வொரு வீடும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளராகவும் கடையாகவும் ஆனது. ஓடெக்ஸுக்கு நஷ்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காசு கொடுத்து உரிமம் வாங்கி வட்டு போடுகிற சின்னக் கம்பெனி, இலவசமாக முந்திக்கொண்டு வருகிற பிரதியோடு எப்படி மோதும்?

அவர்கள் மூன்று சேவை நிறுவனங்களின்மேலும் பெயர் கேட்டு மனுப் போட்டார்கள். சிங்நெட் எதிர்க்கவில்லை. ஸ்டார்ஹப் எதிர்த்தது, ஆணை அதற்கு எதிராக வந்தது. பசிபிக் இன்டர்நெட்டும் எதிர்த்தது. 2007 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி அந்த மனுவை மட்டும் தள்ளுபடி செய்தார். முக்கியமான காரணம், கேட்க உனக்கு என்ன உரிமை என்பது. பெரும்பாலான தொடர்களின் பதிப்புரிமை ஜப்பானிய ஸ்டுடியோக்களிடம் இருந்தது. ஓடெக்ஸ் தனியுரிமம் பெற்றவர் என்று சொல்லக்கூடிய தொடர் ஒன்றே ஒன்றுதான் தேறியது.

இந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. மூன்று வீடுகள், மூன்றிலும் அதே தொடர், அதே வார இறுதி, அதே மென்பொருள். ஒரு வீட்டின் பெயர் எதிர்ப்பே இல்லாமல் போகிறது, இரண்டாவது வாதாடித் தோற்றுப் போகிறது, மூன்றாவது அப்போதைக்குத் தப்பிக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: அப்பா எந்தக் கம்பெனியின் இணைப்பை வாங்கினார் என்பது. ஏனென்றால் அந்த நீதிமன்ற அறையில் பெயருக்குச் சொந்தக்காரர் இல்லை. அவருக்கு இப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. அவருக்காகப் பேச முடிந்த ஒரே ஆள் பதிவேட்டை வைத்திருப்பவர், அவர் பேசினால் உண்டு.

மேல்முறையீடு 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதி வூ பி லீ ஓடெக்ஸுக்கு உரிமை இல்லை என்பதை ஏற்றார். ஆனால் அதற்குள் ஜப்பானிய ஸ்டுடியோக்கள் தாங்களே மனுதாரராக வந்து சேர்ந்திருந்தன. ஆகவே பெயர்களை நேரடியாக அவர்களிடம் கொடுக்கும்படி பசிபிக் இன்டர்நெட்டுக்கு ஆணையிட்டார். ஓடெக்ஸ் தோற்றது, பெயர்கள் போயின. சட்டப்படி இது ரொம்ப ஒழுங்கான தீர்ப்பு. உரிமை உள்ளவன் கேட்டால் கிடைக்கும், இல்லாதவன் கேட்டால் கிடைக்காது.

ஐபி எண் பற்றி ஒரு வார்த்தை, தொழில் பழக்கம் விடமாட்டேங்குது. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அந்த எண் நிரந்தரமானது கிடையாது. சேவை நிறுவனம் ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துச் சில மணி நேரத்துக்கோ சில நாட்களுக்கோ குத்தகைக்குக் கொடுக்கும், பிறகு அதே எண் வேறொரு வீட்டுக்குப் போகும். ஆகவே எண்ணோடு நேரமும் துல்லியமாக இருக்கணும். கண்காணித்தவர் கிரீன்விச் நேரத்தில் குறித்துவைத்து, இங்கே படிப்பவர் எட்டு மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், தட்டப்படுவது வேறு கதவு. எல்லாம் சரியாக இருந்தாலும் கிடைப்பது கட்டணம் கட்டுபவரின் பெயர்தான். அந்த வீட்டில் உள்வாடகைக்கு இருப்பவர், பணிப்பெண், கடவுச்சொல் போடாத வைஃபையைப் பிடித்த பக்கத்து வீட்டுப் பையன், இவர்களில் யார் தரவிறக்கியது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. வழக்கு விசாரணைக்கு வந்தால் இதையெல்லாம் வாதாடலாம். ஆனால் கடிதத்தின் நோக்கமே விசாரணை வரை போகாமல் இருப்பதுதானே. 5,000 வெள்ளி கேட்கும் கடிதத்தை எதிர்த்து வழக்கறிஞர் வைக்க அதைவிட அதிகம் ஆகும்.

இதே சிக்கலை மற்ற ஊர்கள் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. கனடாவில் இசை நிறுவனங்கள் கேட்ட பெயர்களை 2004இல் நீதிமன்றம் தர மறுத்தது, சாட்சியம் போதாது என்று. நம்மூர் சென்னையில் இன்னும் வேடிக்கை. இந்தியாவில் பெயர் தெரியாத பிரதிவாதிக்கு வைக்கும் பெயர் அசோக் குமார். 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய அப்படியொரு ஆணையை வைத்துச் சேவை நிறுவனங்கள் முழு இணையதளங்களையே முடக்கின. குறிப்பிட்ட சுட்டிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. யாரென்று தெரியாத ஒரு அசோக் குமாருக்காக எத்தனை பேர் வாசலை அடைத்தார்கள் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியா. 2015இல் டாலஸ் பையர்ஸ் கிளப் படத்தின் உரிமையாளர்கள் 4,726 ஐபி எண்களுக்குப் பெயர் கேட்டார்கள். நீதிபதி பெராம் தரலாம் என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: இந்தச் சந்தாதாரர்களுக்கு நீங்கள் அனுப்பப்போகும் கடிதத்தை முதலில் என்னிடம் காட்டுங்கள். காட்டினார்கள். அவருக்குத் திருப்தியில்லை. 6,00,000 ஆஸ்திரேலிய டாலர் பிணைத்தொகை கட்டச் சொன்னார். கடைசியில் மனுவே முடித்துவைக்கப்பட்டது. ஆவணத்தைக் கேட்பவரிடமே ஆவணம் கேட்ட நீதிபதி! அறையில் இல்லாதவருக்காக யாராவது யோசிக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிமையான வழி எனக்குத் தெரியவில்லை. அதே படத்துக்காக, அதே ஆண்டு, சிங்கப்பூரில் 500க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைக் குறிவைத்துக் கடிதங்கள் கிளம்பின.

சிங்கப்பூர் நீதிமன்றங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஆசியக் கால்பந்து நிர்வாகத்தைப் பற்றி எழுதிவந்த ஜேம்ஸ் டோர்சி என்ற பத்திரிகையாளரிடம், ஒரு ரகசியத் தணிக்கை அறிக்கை உனக்கு எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தது என்று வேர்ல்ட் ஸ்போர்ட் குரூப் கேட்டது. கீழே ஆணை கிடைத்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குக்கு முன்பே ஒருவரைக் கேள்வி கேட்பது அவசியமானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும், வெறும் வசதிக்காகக் கேட்க முடியாது. டோர்சிக்கு ஒரு வசதி இருந்தது. அவர் அந்த அறையில் இருந்தார்.

2022 ஏப்ரல் முதல் புதிய நீதிமன்ற விதிகள் நடப்புக்கு வந்தன. வழக்குக்கு முன் ஆவணம் கேட்பது இப்போது 11ஆம் ஆணையின் 11ஆம் விதி. எதிராளி யாரென்று கண்டறிய, பறிபோன சொத்தைத் தடம்பிடிக்க, அல்லது வேறு எந்தச் சட்டபூர்வமான காரணத்துக்காகவும், நீதியின் நலன் கருதி ஆணையிடலாம். முன்னைவிட விரிந்த வாசகம். காயம் என்ற சொல் அதில் இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் கேட்கலாம் என்கிறபோது காயம்பட்டவரும் கேட்கலாம்தானே.

கேட்கலாம். லிட்டில் இந்தியாவில், அடிபட்டோ சம்பளம் வராமலோ வேலையில்லாமல் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008லிருந்து சாப்பாடு போட்டுவருகிறது. அந்தப் பக்கம் என் நண்பன் ஒருவன் ஊழியர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பான், சில சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். அங்கே வருபவர்களிடம் கதை இருக்கும், தாள் இருக்காது. விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்ற சட்டமே 2016 ஏப்ரலில்தான் வந்தது. வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சிவில் வழக்காகப் போனால் அந்த வரம்பு கிடையாது, ஆனால் தவறு யாருடையது என்று காட்டணும். அங்கேதான் தாள் வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், இடுப்பில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். சாரம் சரியாகக் கட்டவில்லை, பலகை நழுவியது என்கிறார் அவர். தானாக வழுக்கி விழுந்தார் என்கிறது கம்பெனி.

"பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"கூட இருந்த ரெண்டு பயலையும் ஊருக்கு அனுப்பிட்டாங்க தம்பி. ஆனா கேமரா இருக்கு. விழுந்து மல்லாந்து கெடக்கும்போது நேரா அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

நண்பன் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தான். அவர் காசு வாங்காமல் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: அந்தக் கேமராப் பதிவைப் பாதுகாத்து ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் மனுச் செய்வோம். பதில் மரியாதையாகவே வந்தது. பதிவுகளை முப்பது நாள்தான் வைத்திருப்போம், அதன்பின் இயந்திரமே மேலெழுதிவிடும் என்று. விபத்து நடந்து அன்றைக்கு நாற்பத்தொரு நாள். அதில் பதினெட்டு நாள் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.